நியாயவாதிகள் எத்துறையினின்று வந்தனர்?

வக்கீல் தொழில் வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கே உரியது என்னும் ஒரு சொல் நம்மவர் குடும்பங்களிற் பெரிதும் வழங்கி வருகின்றது. அறிவும் நாவன்மையும் வாய்ந்த பிள்ளைகள் சிலர், தந்தையர் கணக்கெழுதுவோராகவும் உபாத்தியாயராகவும் கடைவைத்திருப்போராகவும் இருத்தல் பற்றியே சட்டக் கல்வியை நாடாதொழிகின்றனர். "நம்மைக் கைதூக்கி விடுவார் அங்கு யார் உளர்?" என்று பெற்றோர் வினவுகின்றனர். இவ்வினா புறக்கணித்தற்குரியதன்று. ஆயினும் இதற்கு விடை ஊகத்தாற் கூறப்படாது. சரித்திரத்தாற் கூறப்படல் வேண்டும். ஆதலால், நம் சென்னை இராஜதானியில் நியாயவாதம் ஒரு தொழிலாய் நிலைபெற்ற காலத்து அதன்கண் புகுந்தோர் முன்னர் என்ன தொழில் செய்திருந்தனர், அவர்க்குத் துணைநின்ற குமாஸ்தாக்கள் எத்தன்மையர் என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

பண்டைத் தமிழகத்தில் அறங்கூறவையம் இருந்ததென்பது சங்க நூல்களாற் புலனாகும். ஆயினும் கூலிபெற்றுப் பிறர் வழக்கைத் தாம் எடுத்துரைக்கும் ஒரு வகுப்பினர் அக்காலத்து இருந்தமைக்குத் தெளிவான சான்று யாம் கண்டிலோம். கண்ணகி தன் வழக்கைத் தானே பாண்டியன் முன் உரைத்தாள். அவட்காகப் பேச எவரும் எழுந்திலர். சோழர் காலத்திலோ, வழக்குரைப்போர்க்கு இன்றேனும், ஊர்க்காரியம் பார்ப்போர்க்குத் தகுதிகள் வகுக்கப்பட்டிருந்தன. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. வாரிய உறுப்பினராதற்குரியோர் வயது முப்பத்தைந்திற்கு மேற்பட்டும் எழுபதிற்கு உட்பட்டும் இருத்தல் வேண்டுமென்றும், காணியும் சொந்த மனையில் வீடும் உடையராதல் வேண்டுமென்றும், முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதொழிந்தாரும் அவர்தம் உறவினரும் ஆகாரென்றும் அவை விதிக்கின்றன. கணக்கொப்புவித்தலே காரியம் பார்ப்பார்க்கு முதற்றகுதி என்று நம் முன்னோர் கொண்டமை இதனால் விளங்கும்.

நிற்க. வக்கீல், வக்காலத்து, முன்சீப், அமீன், தாவா, ஜப்தி என நீதிமன்றத்து வழங்குஞ் சொற்களுட் பல அரபு, பாரசீக மொழிகளினின்றும் வந்தவை. மகம்மதிய அரசர் காலத்து நீதிமன்ற வழக்குகளைக் கும்பினியார் தழுவிக்கொண்டமையே இதற்குக் காரணமாம். 1793-ஆம் ஆண்டில் வங்காளத்தில் வக்கீல்களுக்கென ஒரு ரெகுலேஷன் பிறந்தது. அதனைப் பின்பற்றி 1802-ஆம் ஆண்டில் நம் இராஜதானியிலும் பத்தாம் ரெகுலேஷன் பிறந்தது. அதற்கு முன் எவரும் எவர்க்காகவும் பேசலாமென்றிருந்த நிலை மாறி, நீதிமன்றத்தாரிடம் சன்னது பெற்றவரே பேசலாமென்னும் விதி ஏற்பட்டது. 1846-ஆம் ஆண்டின் முதற் சட்டமோ இன்னும் ஒரு படி மேற்சென்றது. எந்நாட்டினராயினும் எச்சமயத்தினராயினும், தகுதிச் சான்று பெற்றவர் வக்கீல் ஆகலாம் என்று அது வாயிலைத் திறந்து வைத்தது. கட்சிக்காரரும் வக்கீலும் தம்முட் பேசிக் கூலியை முடிவு செய்துகொள்ளவும் அதுவே இடந்தந்தது. இச்சட்டத்தை நம்மவர் மறவாது நினைவிற்கொள்ளல் வேண்டும். கதவு சட்டத்தால் திறக்கப்பட்டது. உட்புகுதற்கு வேண்டிய கல்வியும் பொருளும் பின்னரே மெல்ல மெல்ல வந்தன.

சென்னை நகரத்திலோ வேறொரு முறை நிலவிற்று. 1801-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சுப்ரீம் கோர்ட்டில் இங்கிலாந்திற் பயின்ற பாரிஸ்டர்களும் அட்டர்னிகளுமே இடம்பெற்றனர். கட்சிக்காரர் நேரே பாரிஸ்டரை அணுகுதல் மரபன்று. அட்டர்னியே அவர் சொல்வதைக் கேட்டுப் பத்திரங்களைத் திரட்டி வழக்கை உருவாக்குவர். பாரிஸ்டர் மன்றத்தில் எழுந்து பேசுவர். 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள் உயர்நீதிமன்றம் தொடங்கியபோது சுப்ரீம் கோர்ட்டும் சதர் அதாலத்தும் ஒன்றாயின. அதன்பின் பாரிஸ்டர், அட்டர்னி, வக்கீல் என மூவகையினர் ஒரே மன்றத்திற் கூடினர். பாரிஸ்டராதற்குக் கடல்கடந்து செல்லும் பொருள் வேண்டும்; அட்டர்னியாதற்கு ஓர் அட்டர்னியிடம் ஆண்டுக்கணக்கில் பயிற்சிபெறும் வாய்ப்பு வேண்டும். இவ்விரண்டும் இல்லார்க்குத் தேர்வெழுதி வக்கீலாதல் ஒன்றே வழியாயிற்று. 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலையின் சட்டப்பட்டம் அவ்வழியை அகலமாக்கிற்று.

இனி, அவ்வழியே வந்தோர் சிலரைக் காண்போம்.

சர். தி. முத்துசாமி ஐயர் 1832-இல் தஞ்சை ஜில்லாவிற் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, கிராமக் கணக்கருக்கு உதவியாளராய் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். தாசில்தார் ஒருவர் இவரது கூர்மையைக் கண்டு கல்விக்கு வழிசெய்தார். பின்னர் உபாத்தியாயர், பள்ளிக்கூடங்களின் துணைப் பரிசோதகர், முன்சீப், துணைக் கலெக்டர், சென்னைப் போலீஸ் மாஜிஸ்டிரேட் எனப் பல படிகள் ஏறினர். உத்தியோகத்திலிருந்துகொண்டே சட்டப்பட்டத் தேர்விலும் தேறினர். 1878-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாகி, 1895-இல் இறக்குமளவும் அப்பதவியை அணிசெய்தனர். அவரது சலவைக்கற் சிலை அம்மன்றத்தகத்தே இன்றும் உளது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்களை "பிரதாப முதலியார் சரித்திரம்" இயற்றியவராக நம்மவர் எல்லாரும் அறிவர். அவர் தொடங்கியது திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் தஸ்தாவேசுகளைக் காக்கும் பதிவாளராகவே. அடுத்து மொழிபெயர்ப்பாளரானார். 1857-இல் தரங்கம்பாடி முன்சீபானார். 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றத்தார் அளித்த தீர்ப்புக்களைத் தமிழிற் சுருக்கி, "சித்தாந்த சங்கிரகம்" என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். ஆங்கிலமறியாத குடிகளுக்குத் தம் வழக்கின் நிலை தாமே விளங்கவேண்டும் என்னும் கருணை, மொழிபெயர்ப்பாளராய்ப் பழகிய உள்ளத்தினன்றோ எழும்!

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பி.ஏ. பட்டதாரிகளுள் ஒருவர். அவர் உபாத்தியாயராகவும், பத்திராதிபராகவும், அரசாங்கக் கணக்குத்துறை அதிகாரியாகவும் பணியாற்றிய பின்னரே 1871-இல் சட்டப்பட்டம் பெற்றனர். கும்பகோணத்தில் வக்கீலாயிருந்து, பின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாயினர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-லும், கலித்தொகையை 1887-லும் அச்சேற்றியவர் இவரே. ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி, இது பாடம், இது பிழை என்று துணிதலும், சாட்சிகள் பலருடைய மொழிகளை ஒப்புநோக்கி, இது மெய், இது பொய் என்று துணிதலும் ஒரே அறிவின் இருவேறு தொழில்கள் என்று யாம் கருதுகின்றோம்.

சேலம் சி. விஜயராகவாசாரியார் கல்லூரி ஆசிரியராயிருந்தவர். தாமே சட்டநூல்களைப் பயின்று தேறினர். சர். சு. சுப்பிரமணிய ஐயர் மதுரையில் அரசாங்க அலுவலகத்து எழுத்தராய்த் தொடங்கி, 1888-இல் சென்னையின் முதல் இந்திய அரசாங்க வக்கீலாகவும், 1895-இல் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் உயர்ந்தனர். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களும் ஒட்டப்பிடாரம் தாலூகா அலுவலகத்திற் சிலகாலம் குமாஸ்தாவாயிருந்து, 1894-இல் பிளீடர் தேர்வில் தேறி, மறு ஆண்டு தொழில் தொடங்கினர். தேசபக்தி காரணமாக 1908-இல் தண்டனை பெற்றுச் சன்னதையும் இழந்தனர். பிற்காலத்தில் வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் அதனை மீளப்பெற்று, அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டனர்.

இவ்விடத்து ஓர் ஆசங்கை நிகழும். சுப்பிரமணிய ஐயரின் தந்தையாரும் வக்கீல். சிதம்பரனாரின் தந்தையாரும் வக்கீல். ஆகவே குடும்பத் தொடர்பு உதவவில்லையோ எனின், உதவிற்று என்றே கூறுவோம். உண்மையை மறைத்தல் சரித்திரத்திற்கு அழகன்று. தொழிலைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வாயில் எளிதிற் புலப்படும். ஆனால் முத்துசாமி ஐயர்க்கும் வேதநாயகர்க்கும் தாமோதரர்க்கும் அவ்வாயிலைக் காட்டியவை கிராமக் கணக்கும், பதிவறையும், பள்ளிக்கூடமுமே. கணக்கு அறிந்தவர்க்கு நிலவழக்குத் தெளியும். மொழிபெயர்ப்பாளர்க்குச் சொல்லின் எல்லை தெளியும். உபாத்தியாயர்க்கு அறியாதார் அறியுமாறு எடுத்துரைக்குந் திறம் அமையும். ஆதலின் முன்செய்த தொழில் பின்வந்த தொழிலுக்கு இழுக்காகாது, முதலாம்.

பெண்மக்கள் திறத்தும் ஒரு சொற் கூறல் வேண்டும். பெண் என்னுங் காரணத்தால் ஒருவரை விலக்கலாகாது என்னும் சட்டம் 1923-இல் பிறந்தது. அன்னா சாண்டி அம்மையார் 1937-இல் திருவிதாங்கூரில் முன்சீபாகி, 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாயினர். நம் பெண்களுக்கும் இது வழியாகுக.

இனிக் குமாஸ்தாக்களைப் பற்றிக் கூறாது விடுதல் நன்றிகேடாகும். வக்கீலின் பெயரை ஊர் அறியும். அவர்தம் குமாஸ்தாவைக் கட்சிக்காரர் மட்டுமே அறிவர். வக்காலத்தில் ஒப்பம் வாங்குதல், கோர்ட்டுக் கட்டணம் கணித்து முத்திரைத்தாள் வாங்குதல், பிராதிற்குரிய பத்திரங்களை அடுக்கி எண்ணிடுதல், சம்மனுக்கும் சாட்சிகளுக்கும் படி கட்டுதல், தீர்ப்பின் நகலுக்கு மனுச் செய்தல், வாய்தா நாட்களைக் குறிப்பேட்டிற் பதிதல் ஆகிய யாவும் அவர் பொறுப்பு. காலவரையறைச் சட்டத்தின்படி ஒரு நாள் தவறினும் அப்பீல் தள்ளப்படலாம். தாமதத்தை மன்னிக்குமாறு மனுச் செய்து நீதிபதியின் கருணையை எதிர்நோக்க நேரும். ஆகவே ஒரு குடும்பத்தின் நிலம் நிற்பதும் போவதும் சிற்சில வேளைகளில் அக்குறிப்பேட்டில் எழுதிய ஒரு வரியைப் பொறுத்ததாகும். கிராமக் கணக்கும் கடைக்கணக்கும் எழுதிப் பழகிய கைகளே பெரும்பாலும் இத்தொழிலுக்கு வந்தன. அலுவலகத்திற் சேரும் இளைய வக்கீல், மனு எவ்வறையிற் கொடுக்கப்படும் என்பதனை முதலிற் கற்பது மூத்த வக்கீலிடமன்று, குமாஸ்தாவிடமே. பல வக்கீல்கள் கூடி நடத்தும் பெரிய அலுவலகங்களில் இன்று கணக்கர், நிர்வாகி, கணிப்பொறி இயக்குவோர் எனப் பணிகள் பிரிந்து நிற்கின்றன. பெயர் மாறினும் பணியின் உயிர்நிலை ஒன்றே: நாள் தவறாமை, கணக்குப் பிசகாமை, இரகசியங் காத்தல். உத்தரமேரூரார் கேட்ட தகுதியும் இதனோடு ஒத்ததன்றோ!

மேற்கூறிய மூவகைப் பிரிவுகள் இப்பொழுது இல்லை. 1926-ஆம் ஆண்டின் பார் கவுன்சில் சட்டம் பாரிஸ்டர்க்கும் வக்கீலுக்கும் இடையிருந்த வேற்றுமையைப் பெரிதும் குறைத்தது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் நாடெங்கும் வழக்கறிஞர் என்னும் ஒரே வகுப்பை நிறுவிற்று. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அட்டர்னி என்னும் தனி வகுப்பும் ஒழிந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோர் ஐந்தாண்டும், வேறு பட்டம் பெற்றோர் மூன்றாண்டும் சட்டம் பயின்று, பதிவு செய்துகொண்டு, அகில இந்தியத் தேர்வினும் தேறித் தொழில் புரியலாம். பதிவுக் கட்டணம் சட்டம் குறித்த 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கு 125 ரூபாய்க்கும் மேற்படலாகாது என்று உச்சநீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தீர்ப்பளித்தது. அதற்கு முன் மாநிலந்தோறும் பல்லாயிரம் ரூபாய் வாங்கப்பட்டமையை நினைப்பின் இத்தீர்ப்பின் அருமை விளங்கும்.

எனினும் உண்மையான இடர் பதிவுக்குப் பின்னரே தொடங்குகின்றது. முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் இளைய வழக்கறிஞர்க்கு வருவாய் அரிது. வறிய வீட்டுப் பிள்ளைகள் தொழிலைக் கைவிடுவது இக்காலத்திலேயாம். இதனை உணர்ந்தே, சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டி, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலார் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இளையவர்க்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறையாது உதவித்தொகை வழங்குமாறு மூத்த வழக்கறிஞர்களுக்கு அறிவித்தனர். அறிவிப்பு நடைமுறையாதல் மூத்தோர் மனத்தைப் பொறுத்தது.

ஆகவே நம் சங்கத்தாரை யாம் மூன்று வேண்டுகின்றோம். முதலாவது, நம்முள் மூத்த வழக்கறிஞராயிருப்போர் ஒவ்வொருவரும், வக்கீல் குடும்பத்திற் பிறவாத ஓர் இளைஞரையேனும் தம் அலுவலகத்திற் சேர்த்து, மேற்கூறிய உதவித்தொகையைத் தவறாது அளித்தல் வேண்டும். இரண்டாவது, சங்கத்தின் கல்வி நிதியில் ஒரு பகுதியைப் பட்டம் பெற்றபின் வரும் மூன்றாண்டுகளுக்கு ஒதுக்குதல் வேண்டும். கல்லூரிச் சம்பளத்தோடு நம் கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. மூன்றாவது, வக்கீல் குமாஸ்தாக்களாயிருக்கும் நம்மவரைச் சங்க விழாக்களில் முன்வரிசையில் அமர்த்திப் போற்றுதல் வேண்டும். அவர்தம் பிள்ளைகள் சட்டம் பயில விரும்பின், அவர்கள் பாதி வழி கடந்தவர்கள் என்றே கொள்ளுதல் தகும்.

அன்று ஒரு தாசில்தார் ஒரு கணக்குப் பையனை உற்றுநோக்கினார். நாடு ஒரு நீதிபதியைப் பெற்றது. அவ்வாறு உற்றுநோக்கும் கண்கள் நம்முள் பெருகுமாயின், "கைதூக்கி விடுவார் யார் உளர்?" என்னும் வினா நம் வீடுகளில் எழாது. இளைஞர்களே, துணிந்து கற்மின்! பெரியோர்களே, தயங்காது கைகொடுமின்!