லிஸ்பனில் கடைசி நாள்: தமிழ் முதன்முதலா அச்சேறிய ஊர்

தமிழ் முதன்முதலா அச்சேறினது எந்த ஊர்லன்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க? தரங்கம்பாடி? சென்னை? கொஞ்சம் விவரமானவங்க கொல்லம்னு சொல்வாங்க. ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு ஊர் இருக்கு. லிஸ்பன். வருஷம் 1554. அதுவும் தமிழ் எழுத்துல இல்லை, நாம வாட்ஸ்ஆப்ல தட்டுற மாதிரி ரோமன் எழுத்துல!

ஐந்து வாரம் ஐரோப்பா சுத்திட்டு, கடைசி நாளை நான் லிஸ்பன்லதான் கழிச்சேன். ஃபிளைட் ராத்திரிதான். காலையில ரூமைக் காலி பண்ணி, பையை ரிசப்ஷன்லயே வெச்சிட்டு, சாவியைக் கொடுத்தேன். அந்த ஊர்ல சாவிக்குப் பேரு 'ஷாவ்'. நம்ம 'சாவி' அங்கிருந்து வந்த வார்த்தைதான். ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம் எல்லாமே போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த சொற்கள். நம்ம வீட்டு ஜன்னலுக்கே பேர் வெச்ச ஊர்ல, நம்ம மொழி ஏதாவது தடம் விட்டிருக்கான்னு பார்க்கத்தான் அந்த நாளை ஒதுக்கினேன்.

முதல்ல போனது ஆத்தங்கரையில இருக்கற பிரசா டோ கொமர்சியோ. பெரிய சதுக்கம், எதிர்ல தேஜோ ஆறு. 16ஆம் நூற்றாண்டுல ராஜாவோட அரண்மனை இந்த இடத்துலதான் இருந்துச்சு. இந்திய வியாபாரத்தை நிர்வாகம் பண்ணின 'காசா டா இந்தியா' அலுவலகமும் இங்கதான். மிளகும் முத்தும் வந்து இறங்கின கரை. கூடவே மனுஷங்களும் வந்தாங்க.

அந்த மனுஷங்கள்ல மூணு பேரைப் பத்தித்தான் இந்த எபிசோட். வின்சென்ட் டி நசரேத், ஜார்ஜ் கர்வாலோ, தோமா டா க்ரூஸ். பேரைக் கேட்டா போர்ச்சுகீசியர்கள் மாதிரி இருக்கு இல்லையா? மூணு பேருமே தமிழ் பேசின இந்தியர்கள். அது ஞானஸ்நானத்துல கிடைச்ச பேர்.

பின்னணியைச் சுருக்கமா சொல்றேன். 1530கள்ல முத்துக்குளித்துறைன்னு சொல்ற தூத்துக்குடிக் கடற்கரையில, பரதவர்கள் ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவத்துக்கு மாறினாங்க. முத்துக்குளிப்புல இருந்த போட்டியும், அதுக்கு அவங்களுக்குக் கிடைச்ச போர்ச்சுகீசியப் பாதுகாப்பும் அதுக்கு ஒரு முக்கியமான காரணம். 1542ல பிரான்சிஸ் சேவியர் வந்தார். மக்கள் மாறிட்டாங்க, ஆனா ஜெபம் சொல்லிக்கொடுக்க வந்த பாதிரியார்களுக்குத் தமிழ் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ராஜா மூன்றாம் ஜோவான் உத்தரவுல ஒரு புத்தகம் தயாராச்சு. தமிழ், போர்ச்சுகீசியம் ரெண்டு மொழியிலயும் ஜெபங்கள் அடங்கின சின்ன 'கார்த்தில்யா', அதாவது அரிச்சுவடி மாதிரி ஒண்ணு. தயாரிச்சது அந்த மூணு பேர்.

அப்போ இந்தியாவுல அச்சகமே கிடையாது. கோவாவுக்கு அச்சு இயந்திரம் வந்தது 1556லதான். தமிழ் அச்செழுத்தும் உலகத்துல எங்கயும் இல்லை. இருக்கறதை வெச்சு வேலையை முடிக்கணும். தமிழ் உச்சரிப்பை ரோமன் எழுத்துல எழுதி, வரிகளுக்கு இடையில போர்ச்சுகீசிய அர்த்தம் போட்டு, கறுப்பு, சிவப்பு ரெண்டு மையில அடிச்சாங்க. 1554 பிப்ரவரி 11ல வேலை முடிஞ்சது. இந்திய மொழி ஒண்ணுல அச்சான முதல் புத்தகம்னு ஆய்வாளர்கள் சொல்றது இதைத்தான்.

சாஃப்ட்வேர்காரனா எனக்கு இது ரொம்பப் பழக்கமான சிக்கல். சிஸ்டம் உங்க எழுத்தை சப்போர்ட் பண்ணலைன்னா, அது சப்போர்ட் பண்ற எழுத்துக்குள்ள உங்க மொழியைத் திணிச்சுத்தான் ஆகணும். திணிக்கும்போது ஏதோ ஒண்ணு சிந்தும். அன்னைக்கு மத்தியானம் சோழபுரத்துல இருந்து அம்மா மெசேஜ் அனுப்பியிருந்தாங்க, இங்கிலீஷ் எழுத்துலதான். பி, ஏ, எல். அது பல்லா, பாலா? பக்கத்துலயே 'கோவா' இருந்ததால, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கி வெச்சிருக்காங்கன்னு புரிஞ்சது. தமிழ் தெரிஞ்ச நமக்கு இடம் பார்த்துப் புரியும். தமிழே தெரியாம ழ, ள, ல மூணையும் அந்தப் புத்தகத்துல படிச்ச பாதிரியாரோட ஜெபத்தைக் கேட்டவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க!

அதைச் சரி பண்ண 24 வருஷம் ஆச்சு. ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ்ங்கற பாதிரியார் அந்தக் கடற்கரையிலயே தங்கி, தமிழை முறையா கத்துக்கிட்டார். போர்ச்சுகீசியர்களுக்காக அவர் எழுதின தமிழ் இலக்கணத்தோட கையெழுத்துப் பிரதி இன்னைக்கும் லிஸ்பன் தேசிய நூலகத்துல இருக்கு. அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578ல கொல்லத்துல, தமிழ் எழுத்துலயே அச்சாச்சு. மொத்தம் 16 பக்கம். தமிழ் அச்சுக்குப் பரதவ மக்களும் பணம் கொடுத்தாங்க.

சாயங்காலம் பெலெம் போனேன். வாஸ்கோ டா காமாவோட கல்லறை அங்க ஜெரோனிமோஸ் மடாலயத்துக்குள்ள இருக்கு. ஆத்தோரத்துல கடலோடிகளுக்கு 1960ல எழுப்பின பிரம்மாண்டமான நினைவுச்சின்னம் நிக்குது. நம்ம கார்த்தில்யாவோட பிரதியும் பெலெம் அருங்காட்சியகச் சேகரிப்புலதான் இருக்கு. நான் பார்த்தது அதோட படங்களை மட்டும்தான்.

அங்க நின்னப்போ மனசுல ஓடினது ஒண்ணுதான். கப்பல் ஓட்டினவங்களுக்கு ஊர் முழுக்கக் கல்லுல பேர் இருக்கு. மொழியைக் கொடுத்த மூணு பேருக்கு ஒரு புத்தகத்துல மட்டும்தான் பேர் இருக்கு, அதுவும் அவங்க அம்மா அப்பா வெச்ச பேர் இல்லை. 1755 நவம்பர் 1ல வந்த நிலநடுக்கத்துல, அடுத்து வந்த ஆழிப்பேரலையிலயும் தீயிலயும், காசா டா இந்தியாவும் அதோட ஆவணங்களும் போயிடுச்சு. பேக்கப் இல்லாத சர்வர் மாதிரி. அவங்க எந்தத் தெருவுல இருந்தாங்க, ஊருக்குத் திரும்பினாங்களான்னு தேட வேண்டிய இடமே காலி. எனக்காவது ராத்திரி ஃபிளைட் இருந்துச்சு.

அடுத்த எபிசோடுக்குப் புன்னைக்காயல் போறேன். ஹென்ரிக்கஸ் 1600ல காலமான ஊர் அது. எங்க ஊர்ல இருந்து காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாம். கடற்கரைப் பக்கத்து ஆளுங்க யாராவது இதைக் கேட்டா, உங்க வீட்டுப் பெரியவங்க சொன்ன பழைய கப்பல் கதை ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. தமிழ்லயோ, தங்லீஷ்லயோ. நான் படிச்சுக்குவேன்.