அவெர்ஸ்

ஸ்விட்ஸர்லாந்தின் தென்கிழக்கில், கிராபுண்டன் மாநிலத்தில், இத்தாலிய எல்லையை ஒட்டிய உயர்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் அமைந்த ஊராட்சி. இதன் விஸ்தீரணம் சுமார் 93 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகையோ இருநூற்றுக்கும் குறைவு. சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர்கூடத் தேறாத இந்தச் சராசரிக்கும் அர்த்தம் அதிகமில்லை. ஏனெனில், பாறையும் பனியும் செங்குத்தான மேய்ச்சல் சரிவுகளும் போக, மனிதர் வீடு கட்டி வாழ்வதெல்லாம் ஆற்றை அடுத்த குறுகலான நிலத்தில்தான்.

பள்ளத்தாக்கின் நெடுகக் காம்சூட், க்ரோட், க்ரெஸ்டா, பூர்ட், யூப்பா முதலிய சிற்றூர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்ல, அவற்றின் உச்சியில், சமுத்திர மட்டத்திற்கு 2126 மீட்டர் உயரத்தில் யூஃப் இருக்கிறது. சுமார் முப்பது பேர் வசிக்கும் இவ்வூரே ஆண்டு முழுவதும் மக்கள் குடியிருக்கும் ஊர்களில் ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்தது என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. காக்கஸஸ் மலையையும் ஐரோப்பாவில் சேர்த்துக்கொள்பவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். வடகிழக்கு விளிம்பில் பிட்ஸ் பிளாட்டா சிகரம் 3392 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. யூஃபில் தொடங்கி மாத்ரிஸ் முதலிய கிளை ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் ஆறு, ஃபெரேரா பள்ளத்தாக்கைக் கடந்து 'பின் ரைன்' என்னும் நதியோடு கலக்கிறது; ஆகவே அவெர்ஸின் பனிநீர் வடகடலுக்குப் போக, தெற்கு மலைமுகட்டுக்கு அப்புறம் விழும் நீரோ போ நதி வழியாக ஏட்ரியாட்டிக்கைச் சேர்கிறது.

க்ரெஸ்டாவுக்குக் கீழேயுள்ள காப்பெட்டா காட்டோடு மரங்களின் ராஜ்யம் முடிந்துவிடுகிறது. ஊராட்சியின் மேற்பாதி முழுவதும் மரமற்ற புல்வெளி. விறகுக்கு வழியில்லாத அந்த உயரத்தில், குளிர்காலம் முழுதும் ஆடுகள் தொழுவத்தில் மிதித்துக் கெட்டித்த எருவைச் சதுரத் துண்டங்களாக வெட்டி, வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கிக் காயவைத்து, அந்த வறட்டியைக்கொண்டே பல தலைமுறைகள் அடுப்பெரித்துக் குளிர் காய்ந்தன. தானியம் விளையாத இந்தப் பூமியில் புல்லே செல்வம். குறுகிய கோடையில் அறுத்துச் சேர்க்கும் உலர்புல்லின் அளவே எத்தனை மாடு, அதனால் எத்தனை குடும்பம் என்பதை நிர்ணயித்து வந்தது.

குடிகள் பெரும்பாலோர், பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் மேற்கே வாலிஸ் பிரதேசத்திலிருந்து வந்த வால்ஸர்களின் வழித்தோன்றல்கள். வடக்கே ரோமான்ஷும் தெற்கே இத்தாலியமும் வழங்க, நடுவே இவர்கள் மட்டும் ஒரு பழைய ஜெர்மன் வழக்கைக் காத்து வந்தனர். மதத்தில் சீர்திருத்தச் சபையினர். க்ரெஸ்டாவின் வெள்ளைக் கோயில் வீடுகளை விட்டு விலகிச் சரிவில் தனித்து நிற்கிறது. 1367இல் அவெர்ஸ், பின்னாளில் மூன்று சங்கங்களின் குடியரசில் அங்கமான 'இறையில்லச் சங்க'த்தோடு இணைந்தது. அக்குடியரசு 1512 முதல் 1797 வரை வால்டெல்லினா நாட்டை ஆண்டதால், மலைக்குடியானவர் சிலருக்கும் அங்கே 'பொதெஸ்தா' என்னும் அதிகாரப் பதவி கிட்டியது. 1664இல் கட்டப்பட்ட பொதெஸ்தா மாளிகை, புல்வெளியின் நடுவே சற்றும் பொருந்தாத பெருமிதத்துடன் இன்றும் காட்சியளிக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டேரிலிருந்து வண்டிப்பாதை அமையும்வரை வெளியுலகத் தொடர்பு பெரிதும் கணவாய்கள் வழியாகவே நடந்தது. இப்போது தபால் பஸ் யூஃப் வரை செல்கிறது. கால்நடை வளர்ப்போடு கோடையில் மலையேறுவோரும் குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு வருவோரும் தரும் வருமானமும் ஜீவனத்துக்கு உதவுகிறது.