கருந்துளைக்குத் தீனி தருவது யார்?

கருந்துளை என்றதும், அண்டத்தையே வாரி விழுங்கும் அரக்கனைக் கற்பனை செய்துகொள்வோர் பலர். உண்மை அதுவன்று, தோழர்களே! கருந்துளைகள் பெரும்பாலும் பட்டினி கிடக்கின்றன. நமது பால்வழியின் நடுவே, சுமார் 40 இலட்சம் கதிரவன்களின் நிறை கொண்ட கருந்துளை இருக்கிறது. அதற்குக் கிடைப்பதோ துளித் துளியான தீனி! ஏன் இந்த நிலை?

1943-இல் அமெரிக்க வானியல் அறிஞர் கார்ல் சேஃபர்ட், சுருள் விண்மீன் திரள்கள் சிலவற்றின் நடுப்பகுதி வியத்தகு ஒளி வீசுவதை ஆராய்ந்து எழுதினார். 1963-இல் மார்ட்டென் ஷ்மிட், விண்மீனெனத் தோன்றிய 3சி 273, நெடுந்தொலைவில் நின்று ஒரு திரள் முழுவதையும் விஞ்சி ஒளிர்வதென மெய்ப்பித்தார். அத்தகையவற்றைக் குவாசர் என்றனர். ஒளியடங்கிய குவாசர்களே திரள்களின் நடுவில் கருந்துளைகளாக உறங்குகின்றன என்று 1969-இல் எடுத்துரைத்தார் டொனால்டு லிண்டன்-பெல். வளிமம் விழுந்தால் ஒளி, விழாவிடில் இருள்!

உணவு எதுவெனத் தெரிந்தது. பரிமாறுவது யார்? கதிரவனைச் சுற்றும் புவி அதனுள் விழுவதில்லை. அதுபோலவே, சுழலும் வளிமமும் தன் சுழற்சியை இழந்தாலன்றி நடுவே விழாது. அதைப் பறிப்பது திரளின் வடிவமே என்றனர் அறிஞர். சுருள் திரள்கள் பலவற்றின் நடுவே, விண்மீன்களாலான தண்டு ஒன்று குறுக்கே கிடக்கிறது. அதன் ஈர்ப்பு, வளிமத்தின் சுழற்சியைக் குறைத்து உள்ளே தள்ளும். ஆனால், நடுவை அடையுமுன்னரே அது வளையமாகத் தேங்கிவிடும். தண்டுக்குள் இன்னொரு தண்டு இருந்தால் மேலும் உள்ளே செல்லும் என்று 1989-இல் ஷ்லோஸ்மன், ஃபிராங்க், பெகல்மன் மூவரும் கூறினர்.

அழகான கருத்து! அழகு மட்டும் போதுமா? சான்று வேண்டாமா? 1997-இல் ஹோ, ஃபிலிப்பென்கோ, சார்ஜென்ட் மூவரும் ஆராய்ந்தனர். தண்டு இருப்பதால் கருந்துளை கூடுதலாக உண்பதாகத் தெரியவில்லை என்றனர். 2000-இல் நேப்பன் குழுவினரோ, சேஃபர்ட் வகைத் திரள்களில் தண்டு சற்று மிகுதி எனக் கண்டனர்.

திரள்கள் ஒன்றோடொன்று மோதுவதே தீனிக்கு வழி என்ற கருத்தும் தேர்வுக்கு வந்தது. 2011-இல் சிஸ்டெர்னாஸ் குழுவினர், ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களில், கருந்துளை உண்ணும் 140 திரள்களை மற்ற 1264 திரள்களுடன் ஒப்பிட்டனர். உண்பவற்றுள் 85 விழுக்காட்டுக்கு மேல் பெருமோதலின் சிதைவே காணோம்! மிகப் பேரொளிக் குவாசர்களுக்கு மோதல் துணை நிற்கக்கூடும். எல்லாவற்றுக்கும் அதுவே காரணமன்று.

நமது பால்வழிக்கும் தண்டு உண்டு, நடுவிலோ பசி! முரண்பாடா? அன்று. தண்டு நூறு கோடி ஆண்டுக் கணக்கில் நிலைப்பது; உண்ணும் வேளையோ மிகக் குறுகியது. தண்டு உணவை வாயில் வரை கொணரும். வாயிலைக் கடப்பது வேறு கதை.

பெரியதோர் உருவத்தைக் கண்டதும் அதுவே காரணமென முடிவு கட்டுவது எளிது. எண்ணிப் பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு ஏற்பது அரிது. வானியலை வளர்த்தது அந்த அரிய வழியே!