மை யார் கையில்?

பிரிண்டரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அச்சின் தெளிவு கூடிக்கொண்டே போன கதையாகவே அதை எழுதுகிறார்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்த எழுத்து, பிறகு புத்தக அச்சுக்கு நிகரான எழுத்து, பிறகு வண்ணப் படம். அந்தக் கதை பொய்யில்லை. ஆனால் எந்த வகைப் பிரிண்டர் வீட்டிலும் அலுவலகத்திலும் நிலைத்தது, எது விலகியது என்பதற்கு அது போதிய விளக்கம் இல்லை. மை எதில் அடைபட்டிருந்தது, தீர்ந்தால் யாரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது என்பதைப் பார்த்தால்தான் விளங்கும். 1980இல் எப்சான் எம்எக்ஸ்-80 என்ற டாட் மேட்ரிக்ஸ் வந்தது. ஒன்பது ஊசிகள் ரிப்பனைத் தட்டித் தட்டி எழுத்தை உருவாக்கும். இரைச்சல் காதைத் துளைக்கும், எழுத்தும் அழகில்லை. ஆனாலும் ரிப்பன் மலிவு. மங்கினால் மங்கியபடியே இன்னும் சில நாள் ஓட்டலாம். ஊசி தட்டுவதால் கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று பிரதி கிடைக்கும். பில் போடும் கடைகளிலும் வங்கிப் பாஸ்புக்கிலும் அந்தச் சத்தம் இன்றும் கேட்பதற்குக் காரணம் பழமைப் பற்று அல்ல, இந்தக் கணக்குதான்.

அடுத்து வந்த கார்ட்ரிட்ஜை வெறும் வியாபாரச் சூழ்ச்சி என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமாகாது. அதற்கு முன்பு ஜெராக்ஸ் வகை இயந்திரம் வைத்திருந்த அலுவலகம் பழுது பார்க்கும் ஆளை எதிர்பார்த்தே இருந்தது. கேனான் நிறுவனம் 1982இல் தன் சிறிய நகல் இயந்திரத்துக்காக டோனர், டிரம், துடைக்கும் பாகம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்தது. தேய்வதெல்லாம் அதற்குள், கழற்றி மாட்டினால் முடிந்தது. அதே வகைப் பெட்டி மாட்டும் கேனானின் இயங்குபொறியை வைத்துத்தான் 1984இல் எச்பி தன் லேசர்ஜெட்டை 3,495 டாலருக்கு விற்றது. அதே ஆண்டில் வந்த எச்பியின் திங்க்ஜெட்டிலும் மை பீய்ச்சும் முனை மைக்கூட்டோடு சேர்ந்தே இருந்தது. அடைத்துக்கொண்டால் தூக்கிப்போட்டுப் புதிதை மாட்டலாம். ஆக, கார்ட்ரிட்ஜ் பிறந்தபோது வாடிக்கையாளரை மெக்கானிக்கிடமிருந்து விடுவித்தது. பூட்டாக மாறியது பிற்பாடுதான்: இயந்திரத்தின் விலை சரிந்தது, மையின் விலை சரியவில்லை, போதாக்குறைக்குக் கார்ட்ரிட்ஜில் சிப்பும் ஏறியது. மறுபயன்பாட்டைத் தடுக்கப் பிரிண்டர் நிறுவனமான லெக்ஸ்மார்க் அமெரிக்க நீதிமன்றங்களில் தொடுத்த வழக்குகளில் 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017இல் உச்ச நீதிமன்றமும் அதற்கு எதிராகவே தீர்ப்பளித்தன.

மையின் லாபத்தால்தானே இயந்திரம் மலிவாகி மாணவன் வீடு வரை வந்தது என்று கேட்கலாம். வந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகைக்கான பணத்தைக் கட்டியவர்கள் நிறைய அச்சடித்த சிறு கடைக்காரர்களும் ட்யூஷன் ஆசிரியர்களும். அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊசியால் மை ஏற்றும் ரீஃபில் கடைகள் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு முளைத்தன. இந்தோனேசியாவில் பிரிண்டருக்கு வெளியே பாட்டில்களை வைத்துக் குழாய் வழியாக மை இழுக்கும் ஏற்பாடு பரவியது. கண்ட மையால் முனை அடைத்தது, வாரண்டியும் போனது. நிறுவனங்கள் இதைச் சுட்டிக்காட்டியதில் தவறில்லை. ஆனாலும் 2010இல் எப்சான் தானே தொட்டி வைத்த பிரிண்டரை முதலில் விற்பனைக்கு இறக்கியது அந்த இந்தோனேசியாவில்தான். எப்சானின் அச்சுமுனை சூட்டால் இயங்குவதல்ல, இயந்திரத்தோடு நிலையாக இருப்பது; அதனால் தொட்டி அதற்குப் பொருந்தியது என்று பொறியியல் காரணமும் சொல்லலாம். ஆனால் அந்த முனை அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. தொட்டி வரவில்லை. வாங்குகிறவர்கள் ஓட்டை போட்டுக் குழாய் செருகிய பிறகுதான் வந்தது.

தொட்டி வந்ததும் கணக்கு தலைகீழானது: இயந்திரம் விலை கூடுதல், மை மலிவு. தினமும் வண்ணத்தில் அச்சடிக்கிற இடத்துக்கு அதுவே சரி. மாதத்துக்குப் பத்துப் பக்கம் மட்டும் எடுக்கிற வீட்டில் தொட்டி நிறைய மை இருந்தும் முனை காய்ந்து அடைக்கும். அதைச் சுத்தம் செய்வதிலேயே மை கரையும். லேசர் பிரிண்டரின் டோனரோ வெறும் தூள், காய்வதற்கு அதில் ஈரமே இல்லை. அந்த வீட்டுக்கு ஒரு கறுப்பு-வெள்ளை லேசர் போதும்.