எங்கள் வீட்டுக் கொடித்தோடையும் அது வந்த வழியும்



போன கிழமை எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், பேஷன் புரூட்டுக்கு ஏன் அந்தப் பெயர்? அது ஸ்டைலான பழமா?" வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் அதே கொடியைப் பற்றி எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மூன்று வருடமாகப் பூத்துக் கொட்டுகிறது, ஒரு காய்கூட இல்லை. "இது ஆண் கொடி மகன், வெட்டி வீசுங்க" என்று உம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். கத்தியை எடுக்க முன்னர் இந்தக் கொடி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தேடிப் பார்த்தோம். கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பெயர். இது தென்னமெரிக்காவின் கொடி. பிரேசில், பரகுவே, வட ஆர்ஜென்டினா பக்கம்தான் அதன் சொந்த ஊர். அங்கே போன ஸ்பானியப் பாதிரிமார் இந்த இனப் பூக்களைப் பார்த்து, தங்கள் வேதத்திலுள்ள சிலுவைப் பாடுகளை அதிலே கண்டார்கள். பூவின் நடுவே வட்டமாக நிற்கும் இழைகள் முட்கிரீடம். ஐந்து மகரந்தப் பைகள் ஐந்து காயங்கள். மேலே மூன்றாகப் பிரிந்து நிற்பது மூன்று ஆணிகள். 'பேஷன்' என்ற சொல்லின் பழைய பொருள் துன்பம், பாடு. உடுப்பு பேஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு லத்தீன் பெயர் வைத்தபோது அதையே 'பாசிபுளோரா' என்று நிலைநிறுத்தினார். நம் நாட்டு மக்கள் அந்தக் கதைக்குள் போகவில்லை. கொடியில் காய்க்கும் தோடம்பழம் போலிருக்கிறது என்று தமிழில் கொடித்தோடை என்றார்கள். சிங்களத்தில் 'வெல் தொடம்' என்பதும் அதே பொருள்தான். இரண்டு மொழிக்காரரும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

இனி இரண்டு சாதிகள். ஊதா வகை குளிரான இடத்துப் பிள்ளை. மஞ்சள் வகை சூட்டைத் தாங்கும். அவுஸ்திரேலியாவில் ஊதாக் கொடி பெரிய பயிராக இருந்தது. 1880இல் அங்கிருந்துதான் ஹவாய்க்கு விதை போனது. மாத்தளைக்கு ரயில் வந்ததும் அதே 1880இல்தான். மஞ்சள் வகை ஹவாய்க்குப் போனது 1923இல். ஊதாக் கொடிக்குப் பிறகு கெட்ட காலம் வந்தது. 1943இல் அவுஸ்திரேலியத் தோட்டங்களை வைரஸ் நோய் அழித்தது. மண்ணிலிருந்து வரும் வாடல் நோயும் ஊதாவின் வேரைத்தான் முதலில் பிடிக்கும். மஞ்சளின் வேர் அதைத் தாங்கும். அதனால்தான் பல நாடுகளில் மஞ்சளின் அடியில் ஊதாவை ஒட்டி வளர்க்கிறார்கள்.

நமக்கு அயலிலுள்ள பேராதனைப் பூங்காவைப் பார்த்துக்கொண்ட மெக்மிலன், 1910இல் வெளியிட்ட தோட்டக்கலை நூல் மூலம் இந்த நாட்டுப் பழமரங்களை முறையாக எழுதிவைத்தார். பின்னாளில் நமது விவசாயத் திணைக்களம் ரஹங்கல ஹைபிரிட், ஹொரண கோல்ட் என்ற வகைகளைத் தந்தது. இன்று பலரும் தேடி வாங்குவது ஹொரண கோல்ட்தான்.

நமது மாவட்டத்தை எடுத்தால், நகரம் சுமார் 360 மீற்றர் உயரம். தம்புள்ளை, கலேவெல பக்கம் இன்னும் தாழ்வு. ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் சுமார் 1,400 மீற்றர். ஆகவே கீழே மஞ்சளும் மேலே ஊதாவும் பொருந்தும். உம்மா சின்ன வயதில் தின்றது, மேலே தோட்டத்து வீடுகளிலிருந்து வந்த, கோழிமுட்டையைவிடச் சின்ன, சுருங்கிய கறுத்தப் பழம். "வாசம் வீட்டை நிறைக்கும்" என்பார். எங்கள் பிள்ளைகள் அதைக் கண்டதே இல்லை.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? பழத்தின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கலப்பின வகைகளில் பெரிய ஊதாப் பழங்களும் உண்டு. நாங்கள் பார்ப்பது இவை:

1. இளங்கொடியும் பற்றுச்சுருளும்: மஞ்சள் வகையில் பெரும்பாலும் செம்மை படிந்திருக்கும். ஊதா வகையில் பச்சையாக இருக்கும்.

2. விதை: மஞ்சளில் கடும் பழுப்பு, ஊதாவில் கறுப்பு.

3. சுவை: மஞ்சள் புளிப்புக் கூட, சாறும் கூட. ஊதா இனிப்பும் வாசமும்.

4. பூக்கும் நேரம்: ஊதா விடியலில் விரிந்து நண்பகலுக்கு முன் மூடும். மஞ்சள் நண்பகலில் விரிந்து இரவில் மூடும். காலைக் கூட்டம் நடக்கும்போது விரிந்திருந்தால் ஊதா, பாடசாலை விட்டு வரும்போது விரிந்திருந்தால் மஞ்சள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

எங்கள் வழக்கு தீர்ந்ததும் இந்த இடத்தில்தான். ஊதா வகை தன் பூந்தூளாலேயே காய்க்கும். மஞ்சள் அப்படியல்ல. தன் பூந்தூளை அது ஏற்காது. வேறு ஒரு கொடியின் பூந்தூள் வேண்டும். எங்கள் கொடி அயல்வீட்டு நானா தந்த தண்டு. எங்கள் பாதையில் ஆறு வீடுகளில் நிற்பதும் அதே தாய்க்கொடியின் தண்டுகள். ஆறும் உண்மையில் ஒரே கொடி! ஆண் கொடி என்று ஒன்று கிடையாது, பூவிலே இரண்டும் உண்டு. அன்போடு பகிர்ந்ததால் வந்த வினை இது.

இன்னொன்றும் உண்டு. மஞ்சள் பூவில் பூந்தூளைக் கொண்டுபோவது கூரை மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டு. தேனீ இதற்குச் சின்னது. அந்த வண்டை நெருப்பு வைத்துத் துரத்தியதும் நாங்களேதான்.

பிறகு நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு உறவினர் வீட்டிலிருந்து விதைக்கன்று ஒன்று கொண்டுவந்து பக்கத்தில் நட்டோம். பூக்க ஒரு வருடம் போனது. பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு ஒரு கொடியின் பூந்தூளை விரலில் எடுத்து மற்றதன் மூன்று நுனிகளிலும் பிள்ளைகள் தடவினார்கள். மழை நாளில் செய்து பயனில்லை, நனைந்த பூந்தூள் வெடித்துவிடும். இரண்டு, இரண்டரை மாதத்தில் பழம் தானாக விழுந்தது. இந்த நோன்புக்கு அந்தச் சாறில்தான் நோன்பு திறந்தோம். உம்மா இரண்டாவது கிளாஸும் கேட்டார், ஆண் கொடி பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஒரு வேண்டுகோள். காய்க்காத மஞ்சள் கொடியை வெட்ட முன்னர், வேறு ஊரிலிருந்து ஒரு விதைக்கன்றைப் பக்கத்தில் நடுங்கள். கன்று வேண்டியவர்கள் சொல்லுங்கள், பாடசாலைத் தோட்டத்தில் முளைக்க வைத்திருக்கிறோம். கம்மடுவ, ரத்தோட்டைக்கு மேலே யார் வீட்டிலாவது அந்தப் பழைய சின்னக் கறுத்தக் கொடி இன்னும் நின்றால் தயவுசெய்து அறியத் தாருங்கள். இந்தக் கொடிகள் நாலைந்து வருடம்தான் நிற்கும். விதை எடுக்காமல் விட்டால் வகையும் போய்விடும். உம்மாவுக்கு ஒரு பழம், எங்களுக்கு அதன் விதை, அவ்வளவுதான் கேட்கிறோம்.