பெருவிரல் அறுவையும் இரத்தோட்டை மலைச்சரிவும்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய இரத்தோட்டைப் பகுதியில் கோப்பியும் அதன்பின் தேயிலையும் வளர்ந்தது தமிழ்த் தொழிலாளரின் வெறுங்கால் உழைப்பினால்தான் என்றாலும், தோட்ட மருத்துவம் அக்காலில் முதலில் கவனித்தது தோலையே, மூட்டை அன்று.

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே மாத்தளையை அடைந்தனர். வழியில் காலராவுக்குப் பலியானோர் பலர். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இல் சட்டம் பிறந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியபோது பாதம் மருத்துவத்தின் கண்ணில் பட்டது. மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்துப் புகும் அப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகிறது.

மூட்டைப் பற்றிய ஆய்வோ, சப்பாத்து அணிந்த கால்களிடையே, வேறொரு நிலத்தில் வளர்ந்தது. பெருவிரலின் அடியில், பாத எலும்பும் விரலெலும்பும் கூடுமிடத்தில் குருத்தெலும்பு தேய்ந்து, மேல்விளிம்பில் எலும்பு முள் வளர்ந்து, அடியெடுத்து வைக்கையில் விரல் மேல்நோக்கி வளைவதைத் தடுக்கும் நிலையை லண்டன் மருத்துவர் டேவிஸ்-காலி 1887இல் விவரித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் காட்டரில் என்ற மருத்துவர் அதற்கு 'ஹாலக்ஸ் ரிஜிடஸ்' எனப் பெயரிட்டார். விரலெலும்பின் அடிப்பகுதியை வெட்டி நீக்கும் முறையை, பெருவிரல் பக்கவாட்டில் சாய்ந்து புடைக்கும் கோளாறுக்காக அமெரிக்க இராணுவ மருத்துவர் கெல்லர் 1904இல் வெளியிட, அது இந்த மூட்டு விறைப்புக்கும் கையாளப்பட்டது. வலி தணிந்தாலும் விரல் ஊன்றி உந்தும் வலுவை இழந்தது. முள்ளையும் தேய்ந்த மேல்விளிம்பையும் மட்டும் செதுக்கி மூட்டைக் காக்கும் 'கைலெக்டமி' முறையை நில்சொன்னெ 1930இல் எழுதினார். இரு எலும்புகளையும் திருகாணியால் இணைத்து ஒன்றாக்கும் முறையை மெக்கீவர் 1952இல் வெளியிட்டார்.

கத்தியை எடுக்குமுன் இன்றும் பரிந்துரைக்கப்படுவது வளையாத அடி கொண்ட சப்பாத்து என்பதிலிருந்தே, இம்மருத்துவம் யாருடைய காலை மனதிற்கொண்டு வளர்ந்தது என்பது விளங்கும். எலும்புகளை ஒன்றாக்கினால் வலி பெரும்பாலும் நிலையாக நீங்கும். ஆயினும் செங்குத்துச் சரிவில் கொழுந்துச் சுமையுடன் ஏறுகையிலும், முன்பாதத்தை ஊன்றிக் குந்துகையிலும் பெருவிரல் வளைந்தாக வேண்டியிருப்பதால், தோட்டத் தொழிலாளிக்கு அவ்வறுவை ஒரு வலியைப் போக்கி ஓர் அசைவைப் பறிப்பதாகும். மூட்டைக் காக்கும் சிறிய அறுவையோ தேய்வு முற்றாத நிலையில்தான் நன்கு பயன்தரும். எனவே விறைப்பைத் தொடக்கத்திலேயே இனங்கண்டு எலும்பியல் மருத்துவரிடம் அனுப்பும் பொறுப்பு, புண்ணுக்கு மருந்திட்டுப் பழகிய தோட்ட டிஸ்பென்சரியையே முதலில் சாரும்.