மணிலாக்கொட்டையும் மணிலா நகரமும்

வரும் தை மாதத்தோடு எங்களுக்குக் கல்யாணமாகி 45 வருடம் ஆகிறது. "ரெண்டு பேரும் மூணு நாள் எங்கயாவது போய்ட்டு வாங்கப்பா" என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். நான் மணிலா என்றேன். "ஏன், மல்லாட்டை வாங்கவா?" என்று சிரித்தாள் என் மனைவி.

அவள் கேலியிலும் சரித்திரம் இருக்கிறது. புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் வேர்க்கடலைக்கு மணிலா என்றுதானே பெயர்? மணிலாக்கொட்டைதான் பேச்சில் மல்லாட்டை ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் துறைமுகத்திலிருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனதும் இதுதான்.

இன்னொரு உறவும் உண்டு. பிரெஞ்சில் சரித்திரம் படித்த எங்களுக்கு, 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது வரை மனப்பாடம். முற்றுகையிட்ட படை அடுத்து எங்கே போயிற்று என்பது பாடத்தில் இல்லை. அதிலிருந்த 79ஆவது ரெஜிமெண்ட் 1762இல் சென்னையில் கப்பலேறி, ஸ்பெயின் வசமிருந்த மணிலாவுக்குப் போயிற்று. கூடவே சென்னைச் சிப்பாய்கள் சில நூறு பேர். அக்டோபர் 6 அன்று நகரம் விழுந்தது. 1764இல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆங்கிலேயர் கிளம்பியபோது, சிப்பாய்களில் சிலர் கப்பலேறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில், அங்குள்ள பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள்.

இதை வைத்துத்தான் திட்டம் போட்டேன். முதல் நாள், இந்த்ராமுரோஸ் என்னும் மதில் சூழ்ந்த பழைய நகரம். அங்கே 1607இல் கட்டி முடித்த சான் அகுஸ்தின் தேவாலயம். மதிலுக்குள் இருந்த தேவாலயங்களில் 1945 யுத்தத்துக்குத் தப்பியது அது ஒன்றுதான். இரண்டாம் நாள், 1594இல் உண்டான சீனர் பேட்டை பினோந்தோ. மூன்றாம் நாள் கைந்தா.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. புளி கரைத்த சினிகாங், முருங்கைக்கீரை போட்ட தினோலா என்ற கோழிச் சாறு. முருங்கைக்கு அங்கே மலுங்கை என்று பெயர்! 'கரே கரே' என்று ஒரு குழம்பு, மாட்டுவாலை வேகவைத்து வேர்க்கடலை அரைத்து ஊற்றுவது. நம் சிப்பாய்களின் 'கறி'தான் அந்தப் பெயர் என்று சொல்பவர்கள் அங்கே உண்டு.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "ஏங்க, அந்த சிப்பாய்ங்களுக்கு இங்க பொண்டாட்டி புள்ளைங்க இருந்திருக்குமே?"

பதில் சொல்ல முடியவில்லை. குடும்ப ஓய்வூதியக் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். ஒரு காகிதம் குறைந்தால் விதவைகள் எத்தனை நடை நடப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கடற்கரையில் காத்திருந்தவளுக்கு எந்தக் காகிதம் வந்திருக்கும்?

"கைந்தாவுக்கு முதல் நாளே போயிடலாம்" என்றாள். திட்டத்தை மாற்றி எழுதிவிட்டேன்.